பி.காம். முடித்து ஒன்பது மாதம்: எல்லோரும் அனுபவம் கேட்கிறார்கள், அந்த முதல் அனுபவத்தை யார் தருவார்கள்?

ராசிபுரத்துப் பட்டதாரி:

வணக்கம். ராசிபுரம் பக்கம் ஒரு கிராமம். போன வருடம் பி.காம். சிஏ முடித்தேன், 71 சதவீதம், அரியர் இல்லை. சிஏ என்றால் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். ஊரில் பாதிப் பேர் நான் ஆடிட்டருக்குப் படித்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு "தம்பி, எங்க வரிக் கணக்கைக் கொஞ்சம் பாரேன்" என்று வீட்டுக்கே வந்துவிடுகிறார்கள், அப்போது வருகிற சங்கடம் எனக்குத்தான் தெரியும். அப்பா லாரி டிரைவர். வீட்டில் முதல் பட்டதாரி நான்தான்.

ஒன்பது மாதத்தில் பதினொரு இன்டர்வியூ. முதலில் சென்னையில் "ஃபைனான்ஷியல் அனலிஸ்ட்" என்று போட்டிருந்தார்கள், இரவு பஸ் ஏறிப் போனேன், ஒரு ஹாலில் நாற்பது பேரை உட்கார வைத்து ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து உங்களுக்குத் தெரிந்த ஐம்பது பேரின் பெயரும் போன் நம்பரும் எழுதுங்கள் என்றார்கள். இன்சூரன்ஸ் பாலிசி விற்கிற வேலை. அடுத்தது கோயம்புத்தூரில் கிரெடிட் கார்டு டெலிகாலிங். இன்னொன்று வீடு வீடாகப் போய் லோன் வசூல். எங்கள் ஊரில் ஃபைனான்ஸ் என்றாலே வட்டிக்குக் கொடுத்து வாங்குவதுதான், அதனால் அப்பா "ஃபைனான்ஸ் வேலையா, கலெக்சனுக்கா போற?" என்று கேட்கும்போது இல்லை என்று சொல்லவும் முடியவில்லை.

உண்மையான அக்கவுன்ட்ஸ் வேலைக்கு இரண்டு இடத்தில் கூப்பிட்டார்கள். சேலத்தில் ஒருவர் "2பி பார்த்திருக்கியா?" என்றார். நான் 2பி என்றால் பென்சில் என்று நினைத்தேன், சத்தியமாக. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் "சரக்கு லாரி வாடகை 20,000, ஆர்சிஎம் என்ட்ரி போடு" என்று டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரைத் திறந்து முன்னால் வைத்தார்கள். கம்ப்யூட்டர் சென்டரில் மூன்று மாதம் டேலி படித்துச் சான்றிதழ் வைத்திருக்கிறேன், கை நடுங்கிவிட்டது.

இப்போது நாலு வழி தெரிகிறது. ஒன்று எம்பிஏ, லோன் போட வேண்டும். இரண்டு, தெரிந்தவர் மூலமாக ஒரு ஆடிட்டர் ஆபீஸ், மாதம் 7,000 தருவார்களாம், எடுபிடி வேலை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். மூன்று, ஒரு கன்சல்டன்சி 40,000 கட்டினால் பெரிய கம்பெனியில் உள்ளே விடுகிறேன் என்கிறது. நான்கு, அதே ஆள் 5,000 ரூபாய்க்கு ஒரு வருட அனுபவச் சான்றிதழ் தருகிறேன் என்கிறார். நாலாவது தப்பு என்று தெரியும், இருந்தாலும் "எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள்" என்று கேட்டுக் கேட்டு மனசு அலைபாய்கிறது. எதைச் செய்வது?

நைட்ஷிப்ட் நாதன்:

மூன்றையும் நாலையும் இன்றைக்கே மறந்துவிடு. நான் சென்னை ஓஎம்ஆரில், வெளிநாட்டுக் கம்பெனிகளின் கணக்கு வேலையை வாங்கிச் செய்கிற ஒரு பிபிஓவில் இருக்கிறேன், ஆள் எடுக்கும் பேனலிலும் உட்கார்ந்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த அப்புறமும் பேக்கிரவுண்ட் செக் வரும். பிஎஃப்பில் ஆளுக்கு ஒரு நம்பர், யுஏஎன் என்பார்கள், அதைப் போட்டால் எந்தக் கம்பெனியில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தாய் என்று வரிசையாக வந்துவிடும். ஒரு வருடம் வேலை பார்த்தேன் என்கிறாய், ஒரு மாதம்கூட பிஎஃப் இல்லை, சம்பளம் பேங்கில் வந்த தடயமும் இல்லை என்றால் என்ன சொல்வாய்? சின்னக் கம்பெனி, பிஎஃப் பிடிக்கவில்லை என்பாய், அப்போது பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்பார்கள். போன வருடம் எங்கள் டீமிலேயே ஒரு பையன், நன்றாக வேலை செய்துகொண்டிருந்தவன், நாலாவது மாதத்தில் இப்படி மாட்டி ஒரே மதியத்தில் ஐடி கார்டைப் பிடுங்கி அனுப்பிவிட்டார்கள். ஃப்ரெஷர் என்று சொல்லியிருந்தாலும் அவனை எடுத்திருப்போம், அதுதான் கொடுமை.

40,000 கேட்கிறவனிடம் "முதல் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிப் பார், அப்புறம் அவன் போனே எடுக்க மாட்டான். நிஜமான கன்சல்டன்சிக்குக் காசு கொடுப்பது ஆள் எடுக்கிற கம்பெனி, வேலை தேடுகிறவன் இல்லை. ஏற்கெனவே கட்டியிருந்தால் 1930க்குப் போன் போட்டு சைபர் கிரைமில் புகார் கொடு, கட்டவில்லை என்றால் நம்பரை பிளாக் செய்.

மற்றதை ராத்திரி எழுதுகிறேன், இப்போது தூங்க வேண்டும்.

ஆடிட்டர் ஆபீஸ் அக்கா:

தம்பி, நான் ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் பதினாலு வருடமாக இருக்கிறேன், இப்போது புதுசாக வருகிறவர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எடுபிடி வேலை என்று உன் நண்பர்கள் சொல்வது பாதி உண்மை. முதல் மாதம் ஃபைல் எடுத்துக் கொடுப்பாய், ஸ்கேன் செய்வாய், கிளையண்டிடம் போய் பில் கட்டு வாங்கி வருவாய், சீல் வைப்பாய். மீதிப் பாதியை அவர்கள் சொல்லவில்லை. ஒரு கம்பெனியில் அக்கவுன்டன்ட்டாகச் சேர்ந்தால் ஒரு கம்பெனியின் கணக்கைத்தான் பார்ப்பாய். இங்கே முப்பது கிளையண்ட் என்றால் மஞ்சள் மண்டி, ஜவுளி ஜாப் ஒர்க், மெடிக்கல் ஷாப், டிரான்ஸ்போர்ட், கல்யாண மண்டபம் என்று முப்பது விதமான தப்பைப் பார்ப்பாய்.

உனக்கு என்ன குறை என்று எழுதியதை வைத்தே சொல்கிறேன். காலேஜில் கணக்குப் பதிவியல் படித்தாய், சென்டரில் டேலி படித்தாய், இரண்டிலும் மாதம் என்பதே கிடையாது. எங்கள் வேலை முழுக்க மாதத்தின் தேதிகளில்தான் ஓடுகிறது. 7ஆம் தேதிக்குள் போன மாதம் அடுத்தவருக்குப் பணம் கொடுக்கும்போது பிடித்த வருமான வரியை, அதாவது டிடிஎஸ்ஸைக் கட்ட வேண்டும். 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்‑1, அதாவது என்ன விற்றோம் என்று சொல்வது. 14ஆம் தேதி 2பி வரும். உன் பென்சில் இதுதான்: நமக்குச் சரக்கு விற்றவர்கள் தங்கள் ரிட்டர்னில் காட்டிய பில்களை வைத்து ஜிஎஸ்டி போர்ட்டலே தயாரித்துத் தருகிற பட்டியல். நம் டேலியில் இருக்கும் பர்ச்சேஸோடு அதை ஒப்பிட்டு, எது வந்திருக்கிறது, எது வரவில்லை, யாருக்குப் போன் போட்டுச் சண்டை போட வேண்டும் என்று பார்ப்பதுதான் ஒவ்வொரு மாதமும் 14க்கும் 20க்கும் நடுவில் நடக்கிற கூத்து. 15ஆம் தேதி பிஎஃப், இஎஸ்ஐ. 20ஆம் தேதி 3பி, வரியைக் கட்டுகிற ரிட்டர்ன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடுகிற சின்ன கிளையண்டுகளுக்குத் தேதி வேறு, அதை இப்போது போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

அந்த சேலத்துக்காரர் 2பி பற்றிக் கேட்டது உன்னை மடக்க இல்லை. இந்த ஓட்டத்தில் நீ ஒருநாளாவது நின்றிருக்கிறாயா என்று தெரிந்துகொள்ளக் கேட்டார்.

ஆர்சிஎம் கேள்விக்கு வருவோம், அதாவது விற்கிறவருக்குப் பதில் வாங்குகிறவரே ஜிஎஸ்டி கட்டுவது. டிரான்ஸ்போர்ட்காரர் தானே வரி போட்டு பில் கொடுக்கவில்லை என்றால், சரக்கு வாடகை கொடுக்கிற நாம்தான் 5 சதவீதம் கட்ட வேண்டும். 20,000க்கு 1,000. உள்மாநில டிரான்ஸ்போர்ட் என்றால் மத்திய அரசுக்கு சிஜிஎஸ்டி 500, மாநிலத்துக்கு எஸ்ஜிஎஸ்டி 500. இந்த ஆயிரத்தை நம்மிடம் இருக்கிற ஐடிசியில், அதாவது வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டிக்குக் கிடைக்கிற வரவில், கழித்துக்கொள்ள முடியாது, ரொக்கமாகக் கட்ட வேண்டும், கட்டியதை அப்புறம் ஐடிசியாக எடுத்துக்கொள்ளலாம். வாடகை பற்று, டிரான்ஸ்போர்ட்காரர் வரவு, அது ஒரு என்ட்ரி. ஆர்சிஎம் இன்புட் பற்று, ஆர்சிஎம் கட்ட வேண்டியது வரவு, அது இன்னொன்று. இன்னும் நுணுக்கமாகச் சொன்னால் எல்ஆர் என்ற சரக்கு ரசீது போட்டுக் கொடுக்கிறவர்தான் இதில் வருவார், எல்ஆரே இல்லாமல் நேராக லாரிக்காரரிடம் பேசி ஓட்டிய வண்டிக்கு இது கிடையாது. இந்தக் கடைசி வரியை மட்டும் நீ அன்றைக்குச் சொல்லியிருந்தால் என்ட்ரி தப்பாகப் போட்டிருந்தாலும் உன்னை எடுத்திருப்பார்கள்.

நான் சேர்ந்த புதிதில் வாட் என்ற பழைய விற்பனை வரி, 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்தபோது எல்லோருமே ஃப்ரெஷர் ஆகிவிட்டோம், ஆடிட்டர் உட்பட. அந்த வருடம் நான் செய்த தப்பு ஒன்று. பெங்களூர் கஸ்டமர் ஒருவரின் லெட்ஜரைத் தமிழ்நாடு என்று திறந்துவிட்டேன், வெளிமாநில விற்பனைக்கான ஐஜிஎஸ்டி போக வேண்டிய பில் எல்லாம் சிஜிஎஸ்டி எஸ்ஜிஎஸ்டி என்று போய்விட்டது. இரண்டு மாதம் கழித்து அந்தக் கஸ்டமர் கத்தியபோதுதான் தெரிந்தது. ஜிஎஸ்டி நம்பரின் முதல் இரண்டு எண்ணைப் பார்த்திருந்தாலே போதும்: 33 என்றால் தமிழ்நாடு, 29 என்றால் கர்நாடகா, 32 கேரளா. அன்றையிலிருந்து யார் பில் கொடுத்தாலும், மெடிக்கல் ஷாப்பில் எனக்கு மாத்திரை வாங்கிய பில்லாக இருந்தாலும், என் கண் முதலில் அந்த இரண்டு எண்ணுக்குத்தான் போகும்.

அந்த 7,000 ரூபாய் ஆபீஸில் சேருவதற்கு முன் மூன்று கேள்வி கேள். எத்தனை கிளையண்டுக்கு மாதாமாதம் ஜிஎஸ்டி போடுகிறார்கள், புதுப் பையன்கள் டேலியில் கை வைக்க விடுவார்களா, முன்பு இருந்த பையன் எத்தனை மாதம் இருந்தான், இப்போது எங்கே இருக்கிறான். மூன்றாவதுக்கு வருகிற பதில்தான் முக்கியம். "அவன் இப்போ திருப்பூர்ல எக்ஸ்போர்ட் கம்பெனில சீனியர்" என்று பெருமையாகச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு சேர். "பசங்க யாரும் நிக்கிறதில்லப்பா" என்றால் யோசி. வருமான வரி சீசனில் மட்டும் ஆள் வைத்து ரிட்டர்ன் தட்ட வைக்கிற ஆபீஸும் உண்டு, அங்கே போனால் ஒரே படிவத்தை முந்நூறு முறை நிரப்பத்தான் கற்றுக்கொள்வாய்.

7,000 குறைவுதான், நான் நியாயப்படுத்த மாட்டேன். வீட்டிலிருந்து போய்வர முடிந்தால் மட்டும் செய். அறை எடுத்துத் தங்கி 7,000க்கு வேலை பார்க்காதே.

ராசிபுரத்துப் பட்டதாரி:

அக்கா, ரொம்ப நன்றி. இதை இரண்டு முறை படித்தேன். காலேஜில் மூன்று வருடத்தில் 14ஆம் தேதி, 20ஆம் தேதி என்று ஒருத்தர்கூடச் சொன்னதில்லை.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் டேலி போட்டிருக்கிறேன், ஆனால் எஜுகேஷன் மோடு, 1, 2, 31 தேதிகளில் மட்டும்தான் என்ட்ரி ஏறும். அதனால் நான் பழகிய கம்பெனி எல்லாம் மாதத்தில் மூன்று நாள்தான் வியாபாரம் செய்யும். எஃப்5 பேமென்ட், எஃப்6 ரசீது, எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ் எல்லாம் விரலில் இருக்கிறது. எதை எங்கே போடுவது என்றுதான் தெரியவில்லை.

அண்ணா, நீங்கள் சொன்னபடி நம்பரை பிளாக் செய்துவிட்டேன். பிபிஓ பற்றி எழுதுங்கள், என் இங்கிலீஷ் சுமார்.

நைட்ஷிப்ட் நாதன்:

எழுதுகிறேன். விளம்பரத்தில் ஃபைனான்ஸ் அண்ட் அக்கவுன்டிங் என்று இருக்கும், உள்ளே பி2பி, ஓ2சி, ஆர்2ஆர் என்று மூன்று பிரிவு. பி2பி என்றால் வெளிநாட்டுக் கம்பெனி வாங்கிய சரக்குக்கு வந்த இன்வாய்ஸைச் சரிபார்த்துப் பணம் அனுப்புவது. ஓ2சி என்றால் அவர்கள் விற்றதற்கு வர வேண்டிய பணத்தைப் பின்தொடர்வது. ஆர்2ஆர் என்றால் மாத முடிவில் ஜர்னல், ரீகன்சிலியேஷன், கணக்கை மூடுவது. ஃப்ரெஷரைப் பெரும்பாலும் பி2பியில் போடுவார்கள். பர்ச்சேஸ் ஆர்டரில் என்ன விலை, சரக்கு வந்ததற்கான ஜிஆர்என்னில் எத்தனை எண்ணிக்கை, இன்வாய்ஸில் என்ன போட்டிருக்கிறான், இந்த மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் திரீ வே மேட்ச். நூறு ஆர்டர் செய்து தொண்ணூறு வந்து நூறுக்கு பில் போட்டிருந்தால் என்ன செய்வாய் என்று இன்டர்வியூவில் நானே கேட்டிருக்கிறேன். "பணம் போடாமல் நிறுத்திவைத்து, வாங்கிய ஆளிடமும் வேண்டரிடமும் கேட்பேன்" என்று உடைந்த இங்கிலீஷில் சொன்ன பெண்ணை எடுத்தோம், அழகான இங்கிலீஷில் சம்பந்தமில்லாமல் பேசிய பையனை எடுக்கவில்லை. உன் இங்கிலீஷில் மெயில் எழுத வருகிறதா, எதிராளி சொல்வது புரிகிறதா, அவ்வளவுதான் முதல் வருடத்துக்கு வேண்டும்.

இன்னொரு கேள்வியும் அடிக்கடி வரும். ஜனவரி 1ஆம் தேதி ஒரு வருடத்துக்கு இன்சூரன்ஸ் 12,000 கட்டினோம், மார்ச் 31இல் எவ்வளவு ப்ரீபெய்ட், அதாவது இனி வரும் மாதங்களுக்காக முன்கூட்டியே கட்டியது? காகிதத்தில் போட்டால் எல்லோரும் 9,000 என்று போடுவார்கள், வாயால் கேட்டால் பாதிப் பேர் 3,000 என்கிறார்கள். மார்ச் மாதச் சம்பளம் ஏப்ரலில்தான் தருவோம், மார்ச் 31இல் என்ன என்ட்ரி? இதெல்லாம் உன் முதல் வருடப் பாடம். அதையே தூசி தட்டு, புது கோர்ஸ் எதுவும் வேண்டாம். எக்செலில் தொகுத்துக் காட்டுகிற பிவட்டும், தேடி எடுக்கிற விலுக்கப்பும் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு போட வர வேண்டும்.

கெட்டதையும் சொல்லிவிடுகிறேன். நான் சேரும்போது பிடித்தம் எல்லாம் போகக் கையில் 16,500, வேளச்சேரியில் நாலு பேர் சேர்ந்து ஒரு ரூம். மூன்று வருடம் ஒரே நாட்டுக்கு ஒரே மாதிரி இன்வாய்ஸ். ஒருநாள் ஊரில் மாமா ஜிஎஸ்டி சந்தேகம் கேட்டபோது ஒன்றுமே தெரியவில்லை. பி2பியில் ஒன்றரை வருடத்துக்கு மேல் இருக்காதே, ஆர்2ஆருக்கு மாற்று என்று மேனேஜரை அரித்துக்கொண்டே இரு. இல்லையென்றால் வெளியே வரும்போது அனுபவம் இருந்தும் மறுபடி ஃப்ரெஷர்தான்.

எம்பிஏ இப்போது வேண்டாம். கடன் வாங்கிப் படித்து அனுபவம் இல்லாமலே வெளியே வந்தால் இதே கேள்வியை இரண்டு வருடம் கழித்து இங்கேயே வந்து கேட்பாய், இஎம்ஐயோடு.

கலெக்சன் ஏஜென்ட்:

எல்லோரும் கலெக்சனையும் சேல்ஸையும் ஏதோ தீண்டக்கூடாத வேலை மாதிரி பேசுவதால் எழுதுகிறேன். நான் பத்து வருடத்துக்கு முன் வண்டிக் கடன் கொடுக்கிற கம்பெனியில் வசூலுக்குத்தான் சேர்ந்தேன், பைக்கில் நாளுக்கு நூறு கிலோமீட்டர், பரமத்தி வேலூர் முதல் திருச்செங்கோடு வரை. திட்டு வாங்கியிருக்கிறேன், ஒரு வீட்டில் நாயை அவிழ்த்து விட்டார்கள். ஆனால் யார் கட்டுவான், யார் கட்ட மாட்டான் என்று வீட்டு வாசலில் நிற்கும்போதே தெரிய ஆரம்பித்துவிடும். அதை வைத்துத்தான் இரண்டரை வருடத்தில் கிரெடிட் பக்கம் மாறினேன். இப்போது கடன் கேட்டு வருகிறவரின் பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரி ரிட்டர்ன், சிபில் என்கிற கடன் மதிப்பெண் மூன்றையும் வைத்துக்கொண்டு கொடுக்கலாமா வேண்டாமா என்று எழுதுவது என் வேலை. சிபில் 900க்கு எவ்வளவு என்று மட்டும் பார்க்கிற பட்டதாரிகள் நிறைய. மாதம் 5ஆம் தேதி இஎம்ஐக்கு 4ஆம் தேதி யாரிடமோ கைமாற்று வாங்கிப் போடுகிறான் என்று ஸ்டேட்மென்ட்டில் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும்.

ஆனால் தம்பி, சேரும்போதே ஆஃபர் லெட்டரைப் படி. நிலையான சம்பளம் எவ்வளவு, டார்கெட் முடித்தால்தான் வருவது எவ்வளவு என்று தனித்தனியாக இருக்க வேண்டும். ஐம்பது பேர் நம்பர் எழுதச் சொன்ன இடத்தில் சம்பளமே கமிஷன்தான், அது வேலைவாய்ப்பு கிடையாது, உன் சொந்தக்காரர்களைத்தான் அவர்கள் வேலைக்கு எடுக்கிறார்கள்.

மியூச்சுவல் ஃபண்ட் பக்கம் ஆசை இருந்தால், அதை விற்கிறவர்களுக்கான என்ஐஎஸ்எம் 5ஏ பரீட்சை எழுது, நூறு கேள்வி, இரண்டு மணி நேரம், 50 சதவீதம் எடுத்தால் போதும். படித்தால் இரண்டு வாரம். பேங்க் வேலை என்றால் ஐபிபிஎஸ் கிளார்க்குக்கு 28 வயது வரை எழுதலாம், உனக்கு நேரம் இருக்கிறது. ஆனால் அதற்காக இரண்டு வருடம் வீட்டில் உட்கார்ந்து மட்டும் படிக்காதே, என் மச்சான் உட்கார்ந்தான், இன்னும் உட்கார்ந்திருக்கிறான்.

மூன்றாம் நம்பர் லெட்ஜர்:

ஒரே ஒரு விஷயம். உங்கள் அப்பா லாரி டிரைவர் என்கிறீர்கள். அவர் டிரிப் முடித்து வந்து ஓனரிடம் கணக்குக் கொடுப்பாரே, அந்த நோட்டைப் பார்த்திருக்கிறீர்களா?

ராசிபுரத்துப் பட்டதாரி:

பார்த்திருக்கிறேன். சின்ன வயதில் அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதுவேன். ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிரா போவார். ஏன் கேட்கிறீர்கள்?

மூன்றாம் நம்பர் லெட்ஜர்:

அப்புறம் என்ன அனுபவம் இல்லை என்கிறீர்கள்? நான் நாமக்கல்லில் ஒரு டிரான்ஸ்போர்ட்டுக்குக் கணக்கு எழுதுகிறேன், எனக்குக் கிடைக்காத ஆள் அதுதான். டேலி தெரிந்த பையன் வருவான், டிரிப் ஷீட்டைக் கொடுத்தால் முழிப்பான்.

இப்படிச் செய்யுங்கள். அப்பாவிடம் ஒரு மாத டிரிப் நோட்டை வாங்கி, ஓனரிடம் கேட்டுக்கொண்டு, பெயர்களை மறைத்து எக்செலில் ஏற்றுங்கள். உதாரணத்துக்கு முன்பணம் 40,000. டீசல் 31,200, டிரைவர் படி 4,000, ஏற்றுகூலி இறக்குகூலி 1,600, பஞ்சர் 350. மொத்தம் 37,150, மீதி 2,850 அப்பா திருப்பிக் கொடுத்தார். டோல் இதில் வராது, 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயம் ஆனதிலிருந்து அது ஓனர் கணக்கில் தனியாகப் போகிறது, அந்த ஸ்டேட்மென்ட்டை வண்டி நம்பர் வைத்து இந்த டிரிப்போடு சேர்க்க வேண்டும். டிரைவரிடம் கொடுத்த 40,000 செலவு இல்லை, அது முன்பணக் கணக்கு, டிரிப் ஷீட் வந்த அன்றைக்குத்தான் செலவாகப் பிரிகிறது. இந்த ஒரு வாக்கியம் புரிந்தால் பாதி அக்கவுன்ட்ஸ் புரிந்த மாதிரி. டிரிப் வாரியாக வாடகை எவ்வளவு, செலவு எவ்வளவு, கிலோமீட்டருக்கு டீசல் எவ்வளவு என்று ஒரு பிவட் போடுங்கள்.

இன்டர்வியூவில் இரண்டு கேள்வி நிச்சயம் வரும். டீசல் பில்லுக்கு ஐடிசி உண்டா? கிடையாது, டீசல் ஜிஎஸ்டிக்குள்ளேயே வரவில்லை. லாரி வாடகை கொடுக்கும்போது டிடிஎஸ் பிடிக்க வேண்டுமா? வருடத்தில் எந்த நேரத்திலும் பத்து வண்டிக்கு மேல் இல்லை என்று லாரி உரிமையாளர் பான் நம்பரோடு எழுதிக் கொடுத்துவிட்டால் பிடிக்க வேண்டாம். அந்தக் கடிதத்தை வாங்கி ஃபைலில் வைப்பதுதான் வேலையே. பழைய ஆட்கள் இதைப் பழைய சட்டத்தின் பிரிவு எண்ணால் 194சி என்பார்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் மாறிவிட்டன, இரண்டையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பழையதைச் சொன்னால் ஓனருக்குப் புரியும், புதியதைச் சொன்னால் ஆடிட்டருக்குப் பிடிக்கும்.

ஆடிட்டர் ஆபீஸ் அக்கா:

மேலே சொன்னது அருமை. ரெஸ்யூமில் "கடின உழைப்பாளி, குழுவாக வேலை செய்வேன்" என்பதை எல்லாம் எடுத்துவிட்டு, ஒரு லாரியின் ஒரு மாதக் கணக்கை டிரிப் வாரியாகத் தயாரித்தேன் என்று ஒரு வரி போடு. கம்பெனி அனுபவம் என்று எழுதாதே, சொந்தமாகச் செய்த பயிற்சி என்றே எழுது. அதைப் பிரின்ட் எடுத்துக் கையில் கொண்டு போ.

ராசிபுரத்துப் பட்டதாரி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். அப்பா முதலில் "என் நோட்டை எதுக்குடா எடுத்துட்டுப் போற" என்றார், அப்புறம் அவரே பக்கத்தில் உட்கார்ந்து எந்த பங்கில் எத்தனை லிட்டர் என்று சொல்லிக்கொண்டு வந்தார். கிலோமீட்டருக்கு டீசல் போட்டுப் பார்த்ததில் ஒரு டிரிப்பில் மட்டும் கூடுதலாக வந்தது. கேட்டால், சோலாப்பூர் பக்கம் ரோடு மறியலில் சுற்றிப் போனாராம். அதையும் குறிப்பாகப் போட்டேன்.

அந்த 7,000 ஆபீஸுக்கே போனேன். அக்கா சொன்ன மூன்று கேள்வியைக் கேட்டேன், ஆடிட்டர் சிரித்துவிட்டார், "இதை யாருப்பா சொல்லிக் கொடுத்தது" என்றார். முன்பு இருந்தவர் இப்போது கரூரில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் இருக்கிறாராம். டிரிப் ஷீட்டை நீட்டினேன், பத்து நிமிடம் பார்த்தார். டீசல் கேள்வி வந்தது, பத்து வண்டிக் கேள்வி வரவில்லை, நானே சொல்லிவிட்டேன். 9,000 தருகிறார்கள், வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வருகிறேன். பிபிஓவுக்கும் விண்ணப்பம் போட்டு வைத்திருக்கிறேன், வந்தால் அப்போது யோசிக்கலாம் என்று.

சேர்ந்து நாலு நாள் ஆகிறது. ஒரு ஹார்டுவேர் கடையின் பேங்க் ஸ்டேட்மென்ட் ஆறு மாதத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள், டேலியில் ஏற்ற வேண்டும். யுபிஐயில் 300, 450, 1,200 என்று வந்துகொண்டே இருக்கிறது, யார் அனுப்பியது என்றே தெரியவில்லை. எல்லாவற்றையும் சஸ்பென்ஸில், அதாவது யாருடையது என்று தெரியாத தொகைக்கான தற்காலிகக் கணக்கில், போட்டுவிடலாமா, திட்டுவார்களா?

ஆடிட்டர் ஆபீஸ் அக்கா:

வாழ்த்துகள் தம்பி. போடு, திட்ட மாட்டார்கள். ஆனால் போட்ட அன்றே தேதி, தொகை, ஸ்டேட்மென்ட்டில் இருக்கும் பெயர் மூன்றையும் ஒரு ஷீட்டில் எடுத்து வை, வாரத்துக்கு ஒருமுறை கடைக்காரரிடம் அனுப்பிக் கேள். சின்னத் தொகை பெரும்பாலும் கவுன்டர் சேல்ஸாகத்தான் இருக்கும், அன்றைய பில் புக்கோடு ஒத்துப் பார், நீயாக முடிவு பண்ணாதே. மார்ச் 31இல் அந்த லெட்ஜரில் மீதி நின்றால் அப்போது திட்டுவார்கள்.